நாலு கேபிள் போட்டால் நாலு மடங்கு ஓடாது

போன வருஷம் ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மணி பத்தரை இருக்கும், சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில் டிரைவ்வே ஓரமாக இருந்த கேபிள் சேம்பரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் கேபிள் இணைக்கும் ஜாயின்டர் அண்ணனும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மூடியைத் தூக்கியதுமே முகத்தில் சூடு அடித்தது. பகலெல்லாம் நல்ல வெயில்தான், ஆனால் அந்த நேரத்துக்கு பெங்களூருக் காற்று குளிர ஆரம்பித்துவிடும், இது வெயிலின் சூடு இல்லை. சேம்பர் சுவரில் வரிசையாக நாலு குழாய் வாய், ஒவ்வொன்றிலிருந்தும் என் மணிக்கட்டைவிடத் தடிமனான ஒரு கறுப்புக் கேபிள். அண்ணன் புறங்கையை மூன்றாவது கேபிளுக்குக் கிட்டே கொண்டுபோய்விட்டு உடனே இழுத்துக்கொண்டார். "கொதிக்குதும்மா" என்றார்.

டெம்பரேச்சர் கன்னால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 56, 49, 60, 57 டிகிரி. மேலுறையே இப்படி என்றால் உள்ளே அலுமினியம் இதைவிட நிறையச் சூடாக இருக்கும், அதுவும் சேம்பரில் கொஞ்சம் காற்று இருக்கிறது, டிரைவ்வேக்கு அடியில் குழாய்க்குள் இருக்கும் பகுதிக்கு அதுகூட இல்லை.

எனக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர், பெங்களூருவில் எலக்ட்ரிக்கல் டிசைன் வேலைக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. பெரிய கட்டடங்களுக்கு டிரான்ஸ்பார்மர் யார்டிலிருந்து பேனல் வரை நிலத்தடியில் போகும் கேபிள்களுக்கு அளவு போடுவதுதான் என் வேலையில் பாதி. இந்த ஒரு விஷயத்தில் ஒரே தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது, நானும் ஆரம்பத்தில் செய்திருக்கிறேன், அதனால்தான் இந்த அபார்ட்மென்ட் கதையை விவரமாக எழுதுகிறேன்.

அவர்கள் என்னைக் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு. பார்க்கிங்கில் எலக்ட்ரிக் கார் சார்ஜ் செய்ய 60 பாயின்ட் வேண்டும், ஒவ்வொன்றும் 3.3 கிலோவாட், இருக்கிற லைன் தாங்குமா என்று அசோசியேஷன் செயலாளர் கேட்டார். 60 பாயின்ட்டும் சேர்ந்து ஓடினால் கிட்டத்தட்ட 200 கிலோவாட், மூன்று ஃபேஸிலும் சமமாகப் பிரித்தால் ஃபேஸுக்கு 275 ஆம்பியர். பழைய டிராயிங்கைக் கையில் கொடுத்தார்கள். ஆயிரம் கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர், அங்கிருந்து 140 மீட்டர் தள்ளி எல்.டி. பேனல் (கட்டடத்துக்குக் கரன்ட்டைப் பிரித்துவிடும் குறைந்த மின்னழுத்தப் பேனல்), நடுவில் மூன்றரை கோர் (மூன்று ஃபேஸ், பாதி அளவில் ஒரு நியூட்ரல்) 300 ஸ்கொயர் எம்.எம். அலுமினியம் எக்ஸ்.எல்.பி.ஈ. ஆர்மர்ட் (உலோகக் கவசம் போட்ட) கேபிள், 4 ரன், அதாவது இணையாக நாலு கேபிள். ஓரத்தில் யாரோ பேனாவால் கணக்கும் போட்டிருந்தார்கள்: 370 பெருக்கல் 4, 1480. டிரான்ஸ்பார்மரின் முழு லோடு 433 வோல்ட்டில் 1333 ஆம்பியர். 1480 பெரியது, ஆகவே சரி.

அந்த 370 பொய் இல்லை. கேபிள் தயாரிப்பாளர்களின் அட்டவணையில் 300 ஸ்கொயருக்கு மண்ணில் புதைத்தால் ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும். ஆனால் அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு பத்தி உண்டு, அதை யாரும் படிப்பதில்லை. மண்ணின் வெப்பம் 30 டிகிரி. மண்ணின் வெப்பத்தடை ஒரு குறிப்பிட்ட அளவு, அலகோடு சொன்னால் 1.5 கெல்வின் மீட்டர் பை வாட். கேபிள் நேராக மண்ணில் புதைந்திருக்க வேண்டும், குழாயில் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அது ஒற்றைக் கேபிள். பக்கத்தில் இன்னொன்று இல்லை.

கேபிளின் அளவு என்பது எவ்வளவு கரன்ட் போகிறது என்பதைப் பற்றிய கேள்வி இல்லை, போகும்போது உண்டாகும் சூடு எவ்வளவு வேகமாக வெளியே போகும் என்பதுதான் கேள்வி. எக்ஸ்.எல்.பி.ஈ. இன்சுலேஷன் தொடர்ந்து 90 டிகிரி வரை தாங்கும், பழைய பி.வி.சி. கேபிள் என்றால் 70. அந்த 90-ஐத் தொடாமல் எவ்வளவு கரன்ட் விடலாம் என்பதுதான் ஆம்பியர் கணக்கு. சூடு கேபிளிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து மேலே தரைக்கு, தரையிலிருந்து காற்றுக்குப் போக வேண்டும். குழாயில் போட்டால் கேபிளுக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவில் அசையாத காற்று ஒரு கம்பளி மாதிரி நிற்கிறது. அதனால் 370 என்பது குழாய்க்குள் 310 சுற்றி இறங்கிவிடும். அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே இன்னும் மூன்று குழாய், அவற்றிலும் இதே சூடு. நாலு அடுப்பை ஒட்டி ஒட்டி வைத்துவிட்டு நடு அடுப்பு ஆற வேண்டும் என்றால் எப்படி ஆறும்?

இதற்கு ஐ.இ.சி. 60364 என்ற சர்வதேச மின் தரநிலையின் 5-52 பகுதியில் நேரான எண்களே இருக்கின்றன, ஒற்றைக் கேபிளின் ஆம்பியரை அந்தக் காரணியால் பெருக்க வேண்டும். குழாய்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போனால் இரண்டுக்கு 0.85, மூன்றுக்கு 0.75, நாலுக்கு 0.70, ஐந்துக்கு 0.65, ஆறுக்கு 0.60. நம் கட்டடத்தில் டிரைவ்வேக்கு அடியில் நாலு குழாயும் தோளோடு தோள் உரசிக்கொண்டு கான்கிரீட்டில் புதைந்திருந்தன. ஆக 310-ஐ 0.70-ஆல் பெருக்கினால் 217. ஏப்ரல், மே மாதத்தில் மண் 35 டிகிரிக்கு வரும் என்று வைத்துக்கொண்டால் இன்னொரு 0.96, அதோடு 208. நாலு ரன்னுக்கு 833 ஆம்பியர். டிராயிங் ஓரத்தில் 1480 என்று எழுதியிருந்த அதே நாலு கேபிள்.

அந்த ஒட்டிய பகுதி முப்பது மீட்டர்தான், மீதி 110 மீட்டரில் கேபிள்கள் தாராளமாக இடைவெளி விட்டு மண்ணிலேயே போகின்றன. அதனால் என்ன, பெரும்பகுதி நன்றாகத்தானே இருக்கிறது என்று செயலாளர் கேட்டார், நியாயமான கேள்வி. ஆனால் கேபிளில் சராசரி என்று ஒன்று கிடையாது. 110 மீட்டர் குளிர்ச்சியாக இருந்து முப்பது மீட்டரில் இன்சுலேஷன் வெந்துபோனால் மொத்தக் கேபிளும் போன மாதிரிதான். மிக மோசமான இடம் எதுவோ அதற்குத்தான் அளவு போட வேண்டும். பெரும்பாலும் அந்த இடம் ரோடு கிராஸிங்காகத்தான் இருக்கும், ஏனென்றால் அங்கேதான் ரோட்டை வெட்டும் செலவைக் குறைக்க எல்லாக் குழாயையும் ஒரே குறுகிய பள்ளத்தில் அடுக்குவார்கள்.

அன்று இரவு பேனலில் டாங் டெஸ்டர் (கேபிளைச் சுற்றி மாட்டிக் கரன்ட்டை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தபோது இன்னொரு விஷயம் வெளியே வந்தது. மொத்த லோடு 867 ஆம்பியர். நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 217 வர வேண்டும். வந்தது 232, 171, 229, 235. இரண்டாவது கேபிள் மட்டும் தன் பங்கைச் சுமக்கவில்லை, அதனால்தான் சேம்பரில் அது மட்டும் 49 டிகிரியில் இருந்தது. முதலில் லக் (கேபிள் முனையைப் பேனலில் பொருத்தும் உலோகத் துண்டு) லூஸாக இருக்குமோ என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அறுபது ஆம்பியர் குறைகிற அளவுக்கு லக்கில் கோளாறு என்றால் அது கருகியிருக்க வேண்டும், நிறமாவது மாறியிருக்க வேண்டும், கன்னில் பார்த்தால் லக் மற்ற மூன்றையும்விடக் குளிர்ச்சி. அப்போது கணக்கு வேறு மாதிரி ஓடியது: 232-ஐ 171-ஆல் வகுத்தால் 1.36. 140 மீட்டரை 1.36-ஆல் பெருக்கினால் 190 மீட்டர். இணையாகப் போகும் கேபிள்களில் தடை குறைந்ததில் கரன்ட் கூடுதலாகப் போகும், நீளமானது சோம்பேறி ஆகிவிடும்.

அண்ணனிடம் "இது மட்டும் அம்பது மீட்டர் நீளம் ஜாஸ்தியா இருக்குமா அண்ணே?" என்று கேட்டேன். தர்மபுரிப் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்குகிறவர், இந்தக் கட்டடம் எழும்பியபோது கூலிக்கு இங்கே கேபிள் இழுத்தவர்களில் ஒருவர். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆமாம்மா. மூணு கேபிளு நேரா போயிருச்சு. நாலாவது இழுக்கறப்ப சம்ப்புக்குத் தோண்டிட்டாங்க, வழி மூடிப்போச்சு. சம்ப்பைச் சுத்தித்தான் கொண்டாந்தோம். அப்பவே சொன்னேன், யாரும் காதுல வாங்கல." சம்ப்பைச் சுற்றி வந்து டிரைவ்வே குழாய்க்குள் நுழையும்போது அது இரண்டாவது வாயில் போய் உட்கார்ந்திருக்கிறது. இணையாக ஓடும் கேபிள்கள் ஒரே நீளம், ஒரே அளவு, ஒரே உலோகம், ஒரே மாதிரி லக் என்று இருக்க வேண்டும் என்பதை எந்த மின் விதித் தொகுப்பாக (கோடு) இருந்தாலும், இங்கே ஆகட்டும், அமெரிக்காவில் ஆகட்டும், வலியுறுத்திச் சொல்லும். அதன் காரணத்தை இவ்வளவு துலக்கமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆக 208 ஆம்பியர் போக வேண்டிய மூன்று கேபிளில் 230 சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. 12 சதவீதம்தானே கூடுதல் என்று தோன்றலாம், ஆனால் சூடு கரன்ட்டின் இருமடியில் ஏறும், 12 சதவீதக் கரன்ட் 25 சதவீதச் சூடு. பேனலில் இருந்த 1600 ஆம்பியர் ஏ.சி.பி. (கரன்ட் அளவு மீறினால் லைனைத் துண்டிக்கும் பெரிய பிரேக்கர்) 0.85-ல் செட் செய்யப்பட்டிருந்தது, அதாவது 1360. 867-க்கு அது ஏன் அசையப் போகிறது? அதைப் பொறுத்தவரை கேபிளுக்கு 1480 தாங்கும், அப்படித்தான் அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கேபிள் அளவு தப்பாகப் போனால் அதைக் காப்பாற்ற வேண்டிய பிரேக்கரும் சேர்ந்து தப்பாகிறது, இதில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான், ஏனென்றால் ஒரு அறிகுறியும் வெளியே தெரியாது. வருஷக்கணக்கில் இன்சுலேஷன் உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போய் ஒரு நாள் மழைக்காலத்தில் ஃபால்ட் வரும், எல்லாரும் மழையைக் குறை சொல்வார்கள்.

இத்தனை வருஷம் இது ஏன் எரியாமல் இருந்தது என்று கேட்பீர்கள். மண்தான் காப்பாற்றியது. மண் சூடாவதற்கு ரொம்ப நேரம் எடுக்கும், மணிக்கணக்கில் இல்லை, நாள்கணக்கில். வீடுகளில் லோடு சாயங்காலம் ஏழு மணிக்கு ஏறும், பதினொன்றுக்கு இறங்கும், விடியும்வரை கேபிள் இளைப்பாறும், மண்ணும் ஆறிவிடும். ஆனால் கார் சார்ஜிங் வந்தால் கதை மாறுகிறது. எல்லாரும் வீட்டுக்கு வந்து ஒன்பது மணிக்குப் பிளக் செருகுவார்கள், விடியற்காலை நாலு மணி வரைக்கும் ஓடும். கேபிள் ஆறுகிற நேரத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்கக் கோடில் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஓடும் லோடைத் தொடர் லோடு என்று வைத்து அதை 125 சதவீதமாகக் கணக்கிடச் சொல்வார்கள், கார் சார்ஜிங்கையும் தொடர் லோடாகத்தான் எடுப்பார்கள். அந்தப் பழக்கத்தை நான் இங்கேயும் மனதில் வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று மண்ணின் ஈரம். நம் பெங்களூருச் செம்மண் மழைக்காலத்தில் ஈரமாக இருக்கும்போது சூட்டை நன்றாகக் கடத்தும். மார்ச்சுக்கு அப்புறம் காய்ந்துவிடும். கேபிளைச் சுற்றிக் கொட்டும் மணலோ இன்னும் சீக்கிரம் காயும், காய்ந்த மணல் சூட்டை விடவே விடாது. கேபிளின் சூடே பக்கத்து மண்ணின் ஈரத்தை வெளியே தள்ளும், ஈரம் போனதும் சூடு இன்னும் ஏறும், அது இன்னும் காய வைக்கும். வெப்பத்தடை 1.5-லிருந்து 2.5-க்குப் போனால் குழாயில் இருக்கும் கேபிளின் திறன் இன்னொரு ஒன்பது சதவீதம் குறையும். மேலே கான்கிரீட் பேவர் போட்ட டிரைவ்வேக்கு அடியில் மழைத் தண்ணீர்கூட ஒழுங்காக இறங்காது, புல்வெளிக்கு அடியில் போகிற கேபிள் எவ்வளவோ மேல்.

சரி, என்ன செய்வது? முதலில் எல்லாரும் சொல்வது, இன்னும் இரண்டு கேபிள் சேர்த்துவிடலாம். அதே வரிசையில் ஒட்டினாற்போல் ஆறு குழாய் என்றால் 0.60 ஆகிவிடும், 310 பெருக்கல் 0.60 பெருக்கல் 0.96, ஒரு ரன்னுக்கு 179, ஆறுக்கு 1071. இரண்டு கேபிள் கூடுதலாக வாங்கியும் 1333-ஐத் தொடவில்லை. அதே ஆறு குழாயைக் கால் மீட்டர் இடைவெளி விட்டுப் போட்டால் காரணி 0.80, ஒரு ரன்னுக்கு 238, மொத்தம் 1428. கேபிளில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை, இடைவெளி மட்டும்தான், 350 ஆம்பியர் வித்தியாசம். இடைவெளிக்குக் காசு கிடையாது, பள்ளம் தோண்டும் கூலி மட்டும்தான். பெரிய கேபிளாகப் போட்டுவிடலாமே, 400 ஸ்கொயர், என்றால் உலோகம் 33 சதவீதம் கூடுகிறது, ஆம்பியர் 15 சதவீதம் அளவுக்குத்தான் கூடும், கேபிளும் வளைக்க முடியாத உருளை ஆகிவிடும்.

ஆனால் ஆறு குழாயை 160 மி.மீ. வெளிவிட்டத்தில் கால் மீட்டர் இடைவெளியோடு போட 2.2 மீட்டர் அகலப் பள்ளம் வேண்டும். அந்த இடத்தில் ஏற்கெனவே டிரெயினேஜ் லைன், தோட்டத்துத் தண்ணீர்க் குழாய், சம்ப். ஆகவே நாங்கள் இரண்டு வழியாகப் பிரித்தோம். பழைய பாதையில் நாலில் அந்த நீளமான இரண்டாவது கேபிளை உருவி எடுத்துவிட்டு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டது, டிரைவ்வேயின் மறுபக்கம் நாலு மீட்டர் தள்ளிப் புதுப் பள்ளத்தில் மூன்று குழாய் இடைவெளியோடு. பழைய மூன்றுக்கு 0.75, அதாவது 223 ஆம்பியர், நடுவில் ஒரு காலிக் குழாய் இருப்பதால் உண்மையில் அதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருக்கும், ஆனால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. புதியவை இடைவெளியோடு 0.85, 253. ஆனால் ஆறும் ஒரே பேனலில் சேர்வதால் கரன்ட் சமமாகத்தான் பிரியும், பலவீனமான 223-தான் எல்லாருக்கும் எல்லை. ஆறு மடங்கு 1338. 1333-ஐ மயிரிழையில் தாண்டுகிறது. எனக்கு மயிரிழை பிடிக்காது, ஏ.சி.பி.-யை 1250-க்கு இறக்கி வைத்தோம், சார்ஜிங் பாயின்ட்டுகளுக்கு மொத்த லோடைப் பார்த்துத் தானாகக் குறைத்துக்கொள்ளும் கன்ட்ரோலர் கட்டாயம் என்று அசோசியேஷனிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். 867-ம் 275-ம் சேர்த்தால் 1142, உள்ளே அடங்கிவிடுகிறது.

மற்ற சோதனைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வோல்டேஜ் டிராப்: ஆளுக்கு 222 ஆம்பியர், 144 மீட்டர், 8 வோல்ட் சொச்சம், இரண்டு சதவீதம், பிரச்சினை இல்லை. ஷார்ட் சர்க்யூட்: 5 சதவீத இம்பீடன்ஸ் உள்ள ஆயிரம் கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் தரக்கூடியது 27 கிலோ ஆம்பியர், 300 ஸ்கொயர் அலுமினியம் ஒற்றைக் கேபிளே ஒரு செகண்டுக்கு 28 தாங்கும். நியூட்ரல் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மூன்றரை கோரில் நியூட்ரல் 150 ஸ்கொயர்தான். எல்.இ.டி., கம்ப்யூட்டர், சார்ஜர் எல்லாம் மூன்றாவது ஹார்மானிக்கை (வழக்கமான அதிர்வெண்ணைப் போல் மூன்று மடங்கில் வரும் கரன்ட்டை) உண்டாக்கும், அது மூன்று ஃபேஸிலும் ரத்தாகாமல் நியூட்ரலில் வந்து கூடும். ஆபீஸ் கட்டடமாக இருந்தால் நான் யோசிக்காமல் நாலு கோர் முழு நியூட்ரல்தான் எழுதுவேன். இங்கே அளந்து பார்த்ததில் நியூட்ரலில் மொத்தமே 110 ஆம்பியர்தான் இருந்தது, பழைய கேபிளோடு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதும் இருந்தது, மூன்றரையிலேயே விட்டேன்.

குழாய் விஷயத்துக்கு வருவோம், அதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. டிராயிங்கில் குழாய் எப்போதும் கடைசியில் வரும், சிவில் ஆட்கள் கையில் கிடைத்ததைப் புதைத்துவிட்டுப் போய்விடுவார்கள். 300 ஸ்கொயர் மூன்றரை கோர் கேபிள் வெளியே 60 மி.மீ. சுற்றி இருக்கும். 120-க்கு 103 (வெளிவிட்டம், உள்விட்டம், மி.மீ.-ல்) டி.டபிள்யூ.சி. என்ற இரட்டைச் சுவர் பிளாஸ்டிக் குழாயில் போட்டால் குழாயின் குறுக்கு வெட்டில் மூன்றில் ஒரு பங்கு நிரம்பும், காகிதத்தில் 40 சதவீதத்துக்குள் இருப்பதால் சரி என்றாகிவிடும். ஆனால் முப்பது மீட்டர் தள்ளி ஒரு வளைவு இருந்தால் இழுக்கும்போது உயிர் போய்விடும். 160-க்கு 135 குழாயில் அதே கேபிள் ஐந்தில் ஒரு பங்குதான், வழுக்கிக்கொண்டு போகும். குழாயின் விலை வித்தியாசம் கேபிள் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு குழாய்க்கு ஒரு கேபிள், இதில் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை. சிங்கிள் கோர் கேபிள் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஒற்றை ஃபேஸைத் தனியாக ஜி.ஐ. குழாய்க்குள் விடக் கூடாது, குழாய் இரும்பு, காந்தப்புலம் அதிலேயே சுழன்று குழாயே ஹீட்டர் ஆகிவிடும். மூன்று ஃபேஸும் ஒன்றாக ஒரே குழாயில் போக வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் குழாய். சிங்கிள் கோருக்கு ஆர்மரே அலுமினியத்தில் வருவதும் இதற்காகத்தான்.

சேம்பரின் அளவையும் குழாயோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். இந்தக் கேபிளை வளைக்கக் குறைந்தது விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரம் வேண்டும், 720 மி.மீ. இரண்டடிக்கு இரண்டடி சேம்பர் கட்டி வைத்துவிட்டு அதில் கேபிளைத் திருப்பச் சொன்னால் ஆட்கள் கடப்பாரையால் நெம்பித்தான் திருப்புவார்கள், ஆர்மர் பிரிந்துவிடும். புது வழியில் இரண்டு சேம்பரையும் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் கட்டச் சொன்னேன்.

தோண்ட ஆரம்பித்த மூன்றாம் நாள் பாறை. பெங்களூருவில் இது புதிதில்லை, செம்மண்ணுக்கு அடியில் எங்கே கருங்கல் தட்டும் என்று யாருக்கும் தெரியாது. ஐ.எஸ். 1255 என்ற இந்தியத் தரநிலை எல்.டி. கேபிளுக்கு முக்கால் மீட்டர் ஆழம் சொல்கிறது, ரோட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு மீட்டர். ஆறு மீட்டர் தூரத்துக்கு அரை மீட்டருக்குக் கீழே இறங்க முடியவில்லை. பாறை உடைக்கும் மெஷின் வைத்து உடைக்க அசோசியேஷன் அனுமதி தரவில்லை, பக்கத்திலேயே பேஸ்மென்ட் சுவர். அந்த ஆறு மீட்டரில் குழாய்களுக்கு மேல் கம்பி கட்டிய கான்கிரீட் பலகை போட்டு, அதற்கு மேல் சிவப்பு வார்னிங் டேப், அதன் பிறகு பேவர். மேலோட்டமாகப் போனதால் அங்கே சூடு சீக்கிரம் வெளியேறும், ஆனால் வெயிலில் தரைச் சூடும் சீக்கிரம் வந்து சேரும், அதனால் அந்த இடத்தில் இடைவெளியைக் கால் மீட்டருக்கு மேலேயே வைத்தேன்.

கேபிள் இழுத்த அன்று அண்ணனோடு ஊரிலிருந்து வந்த ஒன்பது பேர். டிரம்மை ஜாக்கியில் தூக்கி வைத்து, குழாய்க்குள் முதலில் கயிற்றில் கட்டிய மரக்கட்டையை விட்டு அந்தப் பக்கம் வரை இழுத்துப் பார்த்தார்கள், ஒரு குழாயில் கட்டை நடுவில் நின்றது. ஜாயின்ட்டில் சரளைக்கல் நுழைந்திருக்கிறது. கேபிளை நேராக விட்டிருந்தால் அந்தக் கல் மேலுறையைக் கடைசி வரை கீறிக்கொண்டே வந்திருக்கும். தோண்டி எடுத்து, குழாயை மாற்றி, அப்புறம்தான் கேபிள். அலுமினியத்தை இழுக்க ஒரு ஸ்கொயர் எம்.எம்.-க்கு 30 நியூட்டன் வரை தாங்கும் என்பது ஏட்டுக் கணக்கு, அண்ணனுக்கு அந்தக் கணக்கு தேவையில்லை, கயிற்றில் கை வைத்தாலே தெரிந்துவிடும். "நிறுத்து, முனகுது" என்று ஒரு குரல் கொடுப்பார், ஒன்பது பேரும் நிற்பார்கள், சோப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடியும்.

குழாய் வாய்களை அடைக்காமல் விடுவது இன்னொரு பெரிய தப்பு. 2022 செப்டம்பர் மழையில் இந்தப் பக்கமெல்லாம் வெள்ளத்தில் மூழ்கியது நினைவிருக்கும். அப்போது நான் பார்த்த வேறொரு கட்டடத்தில் எல்.டி. ரூமின் கதவுக்கு மணல் மூட்டை அடுக்கி வைத்துக் காவல் இருந்தார்கள், தண்ணீர் கேபிள் குழாய் வழியாகவே பேனலுக்குக் கீழே வந்து நின்றது. அதிலிருந்து நான் எந்த டிராயிங்கிலும் மூன்று விஷயம் எழுதாமல் விடுவதில்லை: குழாய் கட்டடத்திலிருந்து வெளியே சேம்பரை நோக்கிச் சரிவாக இருக்க வேண்டும், இரண்டு வாயும் சீலன்ட்டால் அடைபட வேண்டும், காலிக் குழாய்க்கும் மூடி வேண்டும். எலி வருவதும் இதே வழியில்தான்.

புதுப் பள்ளத்தில் மூன்று கேபிளுக்கு ஐந்து குழாய் போடச் சொன்னேன். செயலாளருக்கு மனசில்லை. இன்னும் ஐந்து வருஷம் கழித்து இந்த 60 பாயின்ட் 150 ஆகும், அன்றைக்கு மறுபடி டிரைவ்வேயை வெட்டவா என்று கேட்டதும் சரி என்றார். காலியாக இருக்கும் இரண்டிலும் நைலான் கயிறு விட்டு வைத்திருக்கிறோம், நாளைக்கு இழுக்கிறவர்கள் ஆசீர்வதிப்பார்கள். ஆனால் அந்த இரண்டிலும் கேபிள் ஏறினால் இன்றைய காரணி எல்லாமே மாறும், அந்த எண்ணையும் இப்போதே போட்டு டிராயிங்கில் எழுதிவிட்டேன்.

இந்த வருஷம் ஏப்ரலில் மறுபடி போனேன், அதே மாதிரி இரவு பத்தரைக்கு. இதுவரை 25 பாயின்ட்தான் போட்டிருக்கிறார்கள். அண்ணன் டாங் டெஸ்டரை ஒவ்வொரு கேபிளாக மாட்டிக்கொண்டே வந்தார், நான் பேனல் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிக்கொண்டே வந்தேன். பழையவை 159, 160, 159. புதியவை 154, 155, 154. புதுப் பாதை 144 மீட்டர், பழையதைவிட நாலு மீட்டர் நீளம், அந்த நாலு மீட்டர்தான் இந்த ஐந்து ஆம்பியர். மொத்தம் 941. கடைசி எண்ணை எழுதிவிட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே கேபிளின் நீளத்தையும் எழுதினேன், கீழே தேதி. அப்புறம் சேம்பர் மூடியைத் தூக்கினோம். பழைய மூன்றிலும் 44 டிகிரி, ஒன்று கூடக் குறைய. அண்ணன் மூன்றாவது கேபிளுக்குக் கிட்டே புறங்கையைக் கொண்டுபோனார், இந்த முறை இழுத்துக்கொள்ளவில்லை.